கையில் இருக்கும் கதிர்க்குருவி எந்த வகை? வளையம் போடும்போது குழம்பாமல் பார்க்கும் வழி

பறவைகளைப் பிடித்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டி விடுவதற்காகப் போன ஐப்பசியில் மேலூர் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் வலை கட்டியிருந்தோம். ஆடு மேய்க்க வந்த பையன் ஒருவன் அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "என்னண்ணே, விடிஞ்சதுலருந்து ஒரே குருவியத்தான திரும்பத் திரும்பப் பிடிக்கிறீக?" என்று கேட்டான். அதுவரை எங்கள் வலையில் விழுந்தது நான்கு வகைக் கதிர்க்குருவி, அதாவது வார்ப்ளர். ஆனால் அவன் கேட்டதில் தப்பே இல்லை. பழுப்பு முதுகு, வெளிறிய வயிறு, கண்ணுக்கு மேலே ஒரு மங்கிய கோடு, பத்து கிராமைச் சுற்றி எடை, நான்குக்கும் இதே வர்ணனைதான். இதில் ஒரே இனத்துக்குள் துணையினம் பிரிக்க வேண்டும் என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியம், பறவை கைக்கு வந்ததும் பெயரை முடிவு பண்ணிவிட்டு அப்புறம் அளவுகளை அந்தப் பெயருக்குத் தோதாக எடுப்பது. நானும் இரண்டு சீசன் அப்படித்தான் செய்தேன். அளவு முதலில், பெயர் கடைசியில் என்று வரிசையை மாற்றிக்கொண்ட பிறகுதான் என் குறிப்பேடு மற்றவர்களுக்குப் பயன்படும்படி ஆனது. கீழே எழுதியிருப்பது முழுக்க அந்த வரிசைதான்.

அதற்கு முன்னால் ஒன்று. காட்டுப்பறவையை வலை போட்டுப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆராய்ச்சிக்காக என்றாலும் மாநிலத்தின் முதன்மை வன உயிரினக் காப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய குழுவோடு மட்டும்தான் இதைச் செய்ய முடியும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையம் போட்டு வருகிறது, அப்படி ஓர் இடத்தில் உதவியாளராக உட்கார்ந்து கற்றுக்கொள்வதுதான் முறையான வழி. முதல் சீசனில் நீங்கள் எழுதுகிற ஆள், அளக்கிற ஆள் இல்லை. அவசரப்படாதீர்கள்.

மதுரைப் பக்கம் வெயிலும் ஒரு பிரச்சினை. விடிவதற்கு முன் வலையை விரித்துவிட்டு, ஒன்பது ஒன்பதரைக்கெல்லாம் சுருட்டிவிட வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை வலையைச் சுற்றி வர வேண்டும், ஏனென்றால் வல்லூறும் காக்கையும் கீரியும் நம்மைவிட முன்னால் வந்துவிடும், கம்பு வழியாகச் சித்தெறும்பு ஏறினால் வலையில் தொங்குகிற குருவிக்கு நரக வேதனை. ஒரு துணிப்பைக்கு ஒரு பறவை. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடினாலோ, அளவெல்லாம் அப்புறம், உடனே நிழலில் விட்டுவிடுங்கள். அந்தப் பறவை எந்தத் துணையினம் என்று தெரியாமலே போனாலும் பரவாயில்லை.

சரி, குருவி இப்போது கையில். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கழுத்து, உள்ளங்கையில் முதுகு, மற்ற விரல்கள் கூண்டு மாதிரி தளர்வாக. முதல் கேள்வி துணையினம் இல்லை, இனமும் இல்லை, பேரினம். இதைத் தவறவிட்டால் அதற்குப் பிறகு எடுக்கிற எல்லா அளவும் வீண். பறவையைத் திருப்பி வாலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வாலுக்குக் கீழே போர்வை மாதிரி மூடியிருக்கும் சின்ன இறகுகள் நீளமாக இறங்கி, வால் நுனி உருண்டையாக இருந்தால் அது நாணல் கதிர்க்குருவிக் கூட்டம், அதாவது அக்ரோசெஃபாலஸ். அந்தப் போர்வை குட்டையாக நின்று, வால் நுனி கிட்டத்தட்ட நேராக வெட்டியது போல இருந்து, வாலின் ஓர இறகுகளில் வெளிறிய விளிம்பு தெரிந்தால் இடுனா, அதாவது பூட்டட், சைக்ஸ் வார்ப்ளர்கள். உடம்பு முழுக்கப் பச்சை சாயல், குச்சி மாதிரிக் கால், கண்ணுக்கு மேலே தெளிவான கோடு என்றால் இலைக் கதிர்க்குருவிகளான ஃபைலோஸ்கோபஸ். கருவேலங்காட்டில் சாம்பல் தலையோடு, கன்னம் கொஞ்சம் கறுத்து, தொண்டை பளிச்சென்ற வெள்ளையாக இருந்தால் வெண்தொண்டைக் கதிர்க்குருவி.

அடுத்து இறக்கைக் கணக்கு. இதுதான் இந்த வேலையின் உயிர், இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன். இறக்கையின் நுனியை உண்டாக்கும் பெரிய இறகுகள் பத்து. இவற்றை எண்ணுவதில் இரண்டு பழக்கம் உண்டு, ஒரு கூட்டம் வெளியிலிருந்து உள்ளே எண்ணும், இன்னொரு கூட்டம் உள்ளிருந்து வெளியே எண்ணும். ஒருவர் 2 என்பது மற்றவருக்கு 9. ஒரே முகாமில் இரண்டு பேர் இரண்டு விதமாக எண்ணி, சாயங்காலம் தாளைப் பார்த்தால் நாணல் கதிர்க்குருவிகளில் ஒன்றான பிளித்ஸ் ரீட் வார்ப்ளர் உலகத்தில் இல்லாத பறவையாக மாறியிருக்கும். அதனால் தாளின் தலைப்பிலேயே எந்தத் திசை என்று எழுதுங்கள். நான் இங்கே வெளியிலிருந்து உள்ளே எண்ணுகிறேன்.

1ஆம் இறகு கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, ஓரத்தில் ஒரு துண்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். மழுங்கிய பல்குத்தும் குச்சியால் மெதுவாக விலக்கிப் பாருங்கள். பிளித்ஸில் அது மேலே மூடியிருக்கும் போர்வை இறகுகளின் நுனியை ஒட்டியே முடியும், இடுனாக்களில் போர்வையைத் தாண்டித் தெளிவாக வெளியே நீளும். பேரினத்தைச் சரிபார்க்க இது நல்ல இரண்டாவது சாட்சி.

பிறகு 2ஆம் இறகு. இறக்கையை இயல்பாக மடிந்த நிலையில் வைத்து, இதன் நுனி உள்ளே இருக்கும் எந்த இறகின் நுனிக்கு நேராக வருகிறது என்று பாருங்கள். பிளித்ஸ் ரீட் வார்ப்ளரில் பெரும்பாலும் 6க்கும் 7க்கும் நடுவில் வந்து நிற்கும், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். நெல்வயல் கதிர்க்குருவியான பேடிஃபீல்டில் இறக்கை இன்னும் குட்டை, இன்னும் உருண்டை. 2ஆம் இறகு 7ஐத் தாண்டி உள்ளே போய்விடும். அப்புறம் ஒவ்வோர் இறகின் வெளி ஓரத்தையும் பாருங்கள். சில இறகுகளின் ஓரம் அடியிலிருந்து அகலமாக வந்து ஓர் இடத்தில் சட்டென உள்வாங்கி ஒல்லியாகும். எமார்ஜினேஷன் என்று சொல்வது இதைத்தான், நான் ஓரக்குறுக்கம் என்று எழுதிக்கொள்கிறேன். பிளித்ஸில் 3இலும் 4இலும் இருக்கும், 4இல் இருப்பது நுனிப்பக்கம் தள்ளி, சில சமயம் மங்கலாக. பேடிஃபீல்டில் 3, 4 இரண்டிலும் இருப்பதோடு 5இலும் பல தடவை தெரியும். ஓரக்குறுக்கத்தைப் பார்க்க இறக்கையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்காதீர்கள், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அந்த வளைவில் நிழல் விழுந்து தானாகக் காட்டிக்கொடுக்கும்.

பிளித்ஸ்தான் நம் ஊரில் குளிர்காலத்து ராஜா. கண்மாய்ப் புதர், கொய்யாத் தோப்பு, வீட்டுப் பின்னால் இருக்கிற முருங்கை, எல்லா இடத்திலும் 'டக், டக்' என்று நாக்கைச் சுண்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதனால் முதல் ஐம்பது பறவையைப் பிளித்ஸிலேயே அளந்து பழகுங்கள். கை ஒரு அளவுக்குப் பழகிவிட்டால், வித்தியாசமான ஒன்று வரும்போது மூளைக்கு முன்னால் விரல் சொல்லிவிடும்.

அளவு எடுக்கும் முறையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இறக்கை நீளத்துக்கு, மடித்த இறக்கையின் மணிக்கட்டு மூட்டை ஸ்கேலின் தடுப்பில் முட்டவைத்து, கட்டைவிரலால் இறக்கையை அமுக்கித் தட்டையாக்கி, பக்கவாட்டு வளைவையும் நேராக்கி அளப்பது ஒரு முறை. அமுக்காமல் அப்படியே அளப்பது இன்னொரு முறை. இரண்டுக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும், நாம் பிரிக்க நினைக்கிற இனங்களுக்கு இடையில் இருக்கிற வித்தியாசமே சில சமயம் அவ்வளவுதான். அலகும் அப்படியே. நெற்றி இறகு தொடங்கும் இடத்திலிருந்து அளந்தால் ஒன்று வரும், இறகுக்குள் மெதுவாக வெர்னியர் நுனியைச் செலுத்தி மண்டையோடு தட்டும் இடத்திலிருந்து அளந்தால் சில மி.மீ. கூடுதலாக வரும். மண்டையோட்டிலிருந்து அளப்பதையே வைத்துக்கொள்ளுங்கள், அதை எழுதவும் செய்யுங்கள். காலையில் முதலில் மாட்டும் சின்னானை எடுத்து ஆளுக்கு ஒரு தடவை அளந்து பார்த்தால் அன்றைக்கு யார் கை எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது நம் வட்டாரத்தில் உண்மையிலேயே தலையைப் பிய்க்கிற ஜோடிக்கு வருகிறேன், பூட்டட்டும் சைக்ஸும். சைக்ஸ் என்ற ராணுவ அதிகாரி தக்காணத்தில் கிடைத்த பறவையை வைத்து 1832இல் அதற்கு 'ராமா' என்று பெயர் வைத்தார். பிறகு ரொம்ப காலம் அதைப் பூட்டட்டின் துணையினமாகவே வைத்திருந்தார்கள், இப்போது மறுபடி தனி இனம். ஏட்டில் பிரித்துவிட்டார்கள் என்பதற்காகக் கையில் இருப்பது சுலபமாகப் பிரிந்துவிடாது. இரண்டுக்கும் இறக்கை 60 மி.மீ.ஐச் சுற்றித்தான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நான்கு இடத்தைப் பாருங்கள், நான்கும் ஒரே பக்கம் சாய்ந்தால் மட்டும் பெயர் எழுதுங்கள்.

முதலில் அலகு. சைக்ஸில் நீளம், பூட்டட்டில் குட்டை, இலைக் கதிர்க்குருவியின் அலகை நினைவூட்டும். மண்டையோட்டிலிருந்து அளந்தால் 13 மி.மீ. சுற்றி இருப்பதுதான் சண்டைக்கார இடம், அங்கே இரண்டும் வரும். தெளிவாகக் கீழே இருந்தால் பூட்டட் பக்கமும், 14ஐத் தொட்டால் சைக்ஸ் பக்கமும் சாயலாம். அடுத்து கீழ் அலகின் நிறம். பறவையின் தாடையை உங்கள் பக்கம் திருப்பி அடியிலிருந்து பாருங்கள், பூட்டட்டில் நுனியில் மை தொட்டது போல ஒரு கறுப்பு இருக்கும், சைக்ஸில் அது இல்லாமல் வெளிறிய இளஞ்சிவப்பாக ஓடும், கறுப்பு இருந்தால்கூட லேசான அழுக்கு மாதிரிதான். மூன்றாவது வால். வாலுக்கும் அடிப்போர்வைக்கும் நடுவில் மெல்லிய ஸ்கேலை வேர் வரை செருகி அளக்க வேண்டும். உடம்புக்கு நீளமான வால் சைக்ஸுக்கு. நான்காவது முகம். பூட்டட்டில் கண்ணுக்கு மேல் கோடு கண்ணைத் தாண்டி ஓடும், அந்தக் கோட்டுக்கு மேல் விளிம்பில் ஒரு கறுத்த நிழலும் இருக்கும். சைக்ஸின் முகம் வெறிச்சென்று இருக்கும், கோடு கண்ணுக்குப் பின்னால் கரைந்துபோகும். பூட்டட் முதுகு கொஞ்சம் சூடான பழுப்பு, சைக்ஸ் முதுகு மணல் கலந்த சாம்பல் என்று சொல்வார்கள். நிறத்தை நான் சாட்சியாகவே எடுப்பதில்லை. நீங்களும் அதைக் கடைசியில் வையுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெயிலுக்காக மேசைக்கு மேலே பச்சை ஷேட்நெட் கட்டியிருந்தோம். அன்று ஒரு இலைக் கதிர்க்குருவி, கன்னத்திலும் தொண்டையிலும் அருமையான மஞ்சள், முதுகு தளிர்ப் பச்சை. வழக்கமாக வரும் கிரீனிஷ் வார்ப்ளர் இல்லை, காகசஸ் மலைப் பக்கமிருந்து வருகிற கிரீன் வார்ப்ளர் என்று சந்தோஷமாக எழுதினேன். ராத்திரி படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தால் பறவையைப் பிடித்திருந்த என் விரல்களும் பச்சை, நகமும் பச்சை. அந்தப் பதிவை அடித்துவிட்டுக் 'கிரீனிஷ் அல்லது கிரீன்' என்று திருத்தினேன். அன்றிலிருந்து மேசைக்கு மேலே வெள்ளை வேட்டித் துணிதான் கட்டுகிறோம், படம் எடுக்கும்போது பக்கத்தில் சாம்பல் அட்டை ஒன்றும் வைக்கிறோம். காலை ஏழு மணி வெயில் எல்லாக் குருவியையும் மஞ்சளாக்கும், அதனால் நேர் வெயிலிலும் பார்க்கக் கூடாது, மரநிழலிலும் கூடாது.

கிரீனிஷ், கிரீன் விவகாரம் ரொம்பச் சுவாரசியமானது. திபெத் பீடபூமியைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி கிரீனிஷின் துணையினங்கள் பரவியிருக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை ஒன்றுக்கொன்று கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போய், சைபீரியாவில் இரண்டு முனையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று சேருவதில்லை. பறவையியலாளர் டைஸ்ஹர்ஸ்ட் 1938லேயே இதைக் கவனித்து எழுதினார், 2001இல் மரபணு ஆய்வும் அதற்கு வலு சேர்த்தது. கிரீன் வார்ப்ளரும் முன்பு இதே இனத்தின் துணையினமாக இருந்ததுதான். இயற்கை இன்னும் கோடு போட்டு முடிக்காத இடத்தில் நாம் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மூன்று நிமிஷத்தில் கோடு போடப் பார்க்கிறோம், குழப்பம் வராமல் என்ன செய்யும்.

இருந்தாலும் பார்க்க வேண்டியது இதுதான். கிரீனில் புருவக்கோடு, கன்னம், தொண்டை எல்லாவற்றிலும் மஞ்சள் சாயம், முதுகு பளிச்சென்ற பச்சை, இறக்கைப் பட்டையும் மஞ்சள் கலந்து கொஞ்சம் அகலம். நமக்கு வழக்கமாக வரும் கிரீனிஷான 'விரிடானஸ்' துணையினத்தில் முதுகு சாம்பல் பச்சை, வயிறு அழுக்கு வெள்ளை, பட்டை மெலிசு. இறகு தேய்ந்த பறவையில் பட்டையே உதிர்ந்துபோய்விடும், மஞ்சளும் வெளுத்துவிடும், அதனால் தேய்ந்த பறவையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். விட்டதும் பறந்துபோய்க் கத்தினால் கேளுங்கள். கிரீனிஷ் 'சிஸ்வீ' என்று இரண்டு அசை, கிரீன் பெரும்பாலும் மூன்று அசையாக இழுக்கும். அழகர்மலை, சிறுமலை மாதிரி மரம் அடர்ந்த இடத்தில் வலை போடுகிறவர்களுக்கு இது முக்கியம். கண்மாய்க்கரையில் அவ்வளவு தேவைப்படாது.

தேய்மானம் என்றேன் இல்லையா, அதை எல்லா இனத்துக்கும் பார்க்க வேண்டும். வயதைக் கண்டுபிடிக்காமல் துணையினத்தைத் தொடாதீர்கள். புரட்டாசி, ஐப்பசியில் வரும் பிளித்ஸில் அந்த வருஷத்துக் குஞ்சின் இறகு புதுசாக, நுனி முழுசாக இருக்கும், பெரிய பறவையின் இறகு ஒரு இனப்பெருக்கக் காலத்தை ஓட்டி முடித்து நைந்திருக்கும். வாயை மெதுவாகத் திறந்தால் நாக்கின் வேர்ப்பக்கம் இரண்டு கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இளசு. கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமும் சொல்லும், இளசில் சாம்பல் கலந்த மங்கல், பெரியதில் சூடான பழுப்பு. பிளித்ஸ் குளிர்காலத்தை நம்மிடம் கழிக்கும்போதுதான் இறகு முழுவதையும் மாற்றிக்கொள்ளும். அது முடிந்த பிறகு எல்லாம் புது இறகு, வயது சொல்வது கஷ்டம். ஐப்பசியில் நாங்கள் 61 மி.மீ. என்று எழுதிய ஒரு பறவை, அதே வளையத்தோடு மாசி மாதம் அதே உடைமரப் புதரில் மாட்டியபோது 62 இருந்தது. ஐப்பசியில் பழைய இறகின் நுனி தேய்ந்திருந்ததுதான் காரணம். இறகு மாற்றிக்கொண்டிருக்கும் பறவையில் சில இறகு பாதி வளர்ந்து, அடியில் மெழுகு மாதிரி உறையோடு இருக்கும். அதில் இறக்கைக் கணக்கே எடுக்கக் கூடாது, 'மாற்றத்தில்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

சம்புக்குள் மாட்டும் பெரிய நாணல் கதிர்க்குருவியான கிளாமரஸ் ரீட் வார்ப்ளரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கைக்கு வந்ததுமே பெரிசு என்று தெரிந்துவிடும், மற்றதெல்லாம் அதற்குப் பக்கத்தில் பொடிசு. வெண்தொண்டையின் துணையினங்களில் மட்டும் கவனமாக இருங்கள். மலைநாட்டிலிருந்து வரும் ஹியூம்ஸ் வடிவம் கறுத்த சாம்பலும் பருத்த அலகுமாக இருக்கும், பாலைவன வடிவம் சின்னது, மணல் நிறம். நடுவில் வருவதுதான் அதிகம். வாலின் ஓர இறகில் வெள்ளை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று படம் எடுத்து வைத்துக்கொண்டு, பெயரை 'வெண்தொண்டை' என்பதோடு நிறுத்துங்கள்.

படம் எடுக்கும்போது ஐந்து கோணம் போதும்: முழு உடம்பு பக்கவாட்டில், விரித்த இறக்கை மேலிருந்து, மடித்த இறக்கையின் நுனி, வாலின் அடி, கீழ் அலகு தெரியும்படி முகம். எல்லாவற்றிலும் ஸ்கேல் ஓரத்தில் இருக்கட்டும். பைக்குள் தானாக உதிர்ந்த இறகு கிடைத்தால், அனுமதிக் கடிதத்தில் அதற்கு இடம் இருந்தால் மட்டும், காகித உறையில் போட்டு வளைய எண்ணை எழுதுங்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும்.

தாளில் பெயருக்கான கட்டத்தை நாங்கள் கடைசி ஓரத்துக்குத் தள்ளிவிட்டோம். முதலில் வளைய எண், நேரம், வயது, தேய்மானம், இறக்கை, 2ஆம் இறகு விழும் இடம், ஓரக்குறுக்கம் எந்தெந்த இறகில், வால், அலகு, எடை, அதற்குப் பிறகுதான் பெயர். அந்தக் கட்டத்தில் 'பூட்டட்/சைக்ஸ்' என்று ஒரு சாய்கோடு போட்டு எழுதத் தயங்காதீர்கள். அளவுகள் ஒழுங்காக இருந்தால் பத்து வருஷம் கழித்து யாராவது அதைப் பிரித்துக்கொள்வார்கள். தப்பான பெயரை யாராலும் திரும்பப் பிரிக்க முடியாது. புதிதாக வருகிற தம்பி தங்கைகளிடம் முகாமில் நான் அதிகம் சொல்வது இதைத்தான்.

எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. தாண்டுகிறது என்றால் வாலையும் முகத்தையும் படத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுங்கள். விடும்போது மேலே எறியாதீர்கள். பிடித்த புதருக்கே கொண்டுபோய், நிழல் பக்கம், இடுப்பு உயரத்தில் உள்ளங்கையைத் திறந்து வையுங்கள். சில குருவி சட்டெனப் போகும், சில அரை நிமிஷம் கையிலேயே உட்கார்ந்திருக்கும். அது கிளைக்குப் போய் ஒரு தடவை உடம்பை உதறி இறகைச் சரிசெய்வதைப் பார்த்த பிறகு அடுத்த பையை அவிழுங்கள்.